சவரிமுத்துவின் வலது புருவம்

“…பாதி ஆளைத்தான் கரையேத்திகீறே அண்ணாத்தே. மீதிப் பாதிய கடல்லயே வுட்டுட்டியா?” என்றாள் பிலோமினா.

மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, என் பலகையில் குத்தியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் படம் முழுசாகத்தான் தெரிந்தது. ஐந்து வாரம் படுக்கையில் கிடந்து எழுந்தவன் போட்ட படமா இது என்று பெருமையாகக்கூட இருந்தது. கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே திரும்பி என் மனைவி முனியம்மாவிடம், “இன்னாக்கா இது, இவுருக்கு மெய்யாலுமே தெரியலியா?” என்று கேட்டாள்.

“நான் மூணு நாளா பாத்துகினுதான் கீறேன். சொன்னா அடிக்க வருவாரேன்னு வாயத் தெறக்கல” என்றாள் முனியம்மா.

எனக்கு மெய்யாகவே தெரியவில்லை. அதுதான் எனக்கு வந்த நோய். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இது வந்திருந்தால், பைத்தியம் என்றோ திமிர் என்றோ முடிவு கட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் போட்டோவைப் பார்த்துப் பெரிய படம் போட்டுக் கொடுப்பது என் தொழில். யாரிடமும் கற்றதில்லை. துறைமுகக் கிடங்கில் மூட்டைகளுக்கு நம்பர் எழுதப் போனவன் நான். நம்பரிலிருந்து பெயர்ப்பலகைக்கு வந்தேன், பெயர்ப்பலகையிலிருந்து முகத்துக்கு வந்தேன். நான் போடுவது பாஸ்டல் படம். பாஸ்டல் என்பது வண்ணப் பொடியைக் குச்சியாக உருட்டிக் காய வைத்தது. பள்ளிக்கூடத்துச் சாக்கட்டிக்குப் பணக்காரத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பான காகிதத்தில் தேய்த்து விரலால் இழுத்து விட்டால் மனிதத் தோல் போலவே வரும்.

என்னிடம் வரும் போட்டோக்களில் முக்கால்வாசி இறந்தவர்களுடையவை. “உசிரோட கீறவன் கண்ணாடி பாத்துப்பான், செத்தவனுக்குத்தான் படம் வேணும்” என்று தண்டையார்பேட்டையில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்காரர் சொல்வார். இப்படிப்பட்ட பேச்சுகளைச் சேர்த்து வைப்பதில் எனக்கு ஆசை அதிகம். நோய் வந்தபோது அந்த ஆசையும் கொஞ்ச காலம் செத்துப் போயிருந்தது.

பிலோமினாவின் கணவர் சவரிமுத்து, அதற்கு முந்தின ஐப்பசியில் எண்ணூர்ப் பக்கம் கட்டுமரம் கவிழ்ந்து போனவர். கூடப் போனவர் நீந்திக் கரைக்கு வந்துவிட்டார். சவரிமுத்துவின் உடல் கிடைக்கவில்லை. கல்லறையும் இல்லை. “பொட்டி இல்லாமலே பூசை வெச்சோம் அண்ணாத்தே. வருசப் பூசைக்காவது அவுரு மூஞ்சி கோயில்ல இருக்கணும்” என்று சொல்லி, ஆனி மாதம் ஒரு போட்டோவை என்னிடம் கொடுத்திருந்தாள். அவருக்கு இருந்தது அந்த ஒரே போட்டோதான். தங்கை கல்யாணத்தில் பதினோரு பேராக நின்று எடுத்தது. இரண்டாவது வரிசையில் காலணா அளவுக்கு ஒரு முகம்.

ஐப்பசிக்கு நாலு மாதம் இருந்தது. முடித்துவிடலாம் என்றுதான் வாங்கி வைத்தேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை கடைக்கு நடந்து போனேன். டீக்கடைக்காரர், “இன்னா மாமு, ஒத்தச் செருப்போட பவனி வர்றே?” என்றார். குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றியது. இன்னொரு கால் இருக்கிறதே என்ற எண்ணம் வரவில்லை. அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டு வந்தேன். கடையைத் திறக்கும்போது இடது கையிலிருந்த பூட்டு நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் கண் விழித்தேன். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். மூளையின் வலது பாதியில் அடைப்பு; ஆகையால் இடது கையும் இடது காலும் போயின. வலது கை பிழைத்தது. படம் போடுகிற கை பிழைத்துவிட்டதே என்று முனியம்மா, சாமிக்கென்று பிடியரிசி போட்டு வைக்கும் பானை முன்னால் கும்பிட்டாள். நானும் தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு டாக்டரம்மா வந்து காகிதத்தில் நீளமாக ஒரு கோடு கிழித்தார். “இதோட நடுவுல ஒரு புள்ளி வைங்க” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அளவுகோல் இல்லாமல் கண்ணால் நடு பிடிப்பதில் ராயபுரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. வைத்தேன். அவர் அளவுகோலை எடுத்து அளந்தார். நான் வைத்த புள்ளி வலது ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

“உங்க ஸ்கேல் தப்பும்மா” என்றேன்.

“ஸ்கேல் சரிதான். கோட்டோட இடது பக்கம் உங்க கணக்குல வரல” என்றார்.

அதற்கு இடப்பக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும், இடது புறத்தில் இருப்பதை மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளாமை) என்று பெயர் சொன்னார். எனக்கு அது நாடகம் போல இருந்தது. பாதி தெரியாவிட்டால் பாதி இருட்டாக அல்லவா இருக்க வேண்டும்? எனக்கு எங்கும் இருட்டில்லையே?

இதைப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது உங்களுக்கு இருட்டாகவா தெரிகிறது? ஒன்றும் தெரிவதில்லை. தெரியவில்லை என்ற குறையும் இல்லை. எனக்கு இடது புறமும் அப்படி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு சண்டை ஆரம்பித்தது. தட்டில் வலது பாதிச் சோற்றை வழித்துத் தின்றுவிட்டு, “இம்மாத்தூண்டு சோறுதான் போடுவியா?” என்று கத்துவேன். முனியம்மா தட்டை அரைச் சுற்று திருப்பி வைப்பாள். சோறு ஆகாயத்திலிருந்து வந்தது போல் வரும். பாதி முகம் மழித்துக்கொண்டு வாசலில் உட்காருவேன். போகிறவர்கள் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வரும்.

மூன்று மாதம் வேலை செய்யக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர் கிழித்த கோட்டைப் பொய்யாக்க வேண்டும் என்ற வீம்பில், பன்னிரண்டு நாள் உட்கார்ந்து சவரிமுத்துவைப் போட்டேன். அந்தப் படத்தைத்தான் பிலோமினா பாதி ஆள் என்றாள்.

அன்றைக்கு முனியம்மா ஒரு காரியம் செய்தாள். என் வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து, சவரிமுத்துவின் மூக்கின் மேல் வைத்து, மெல்ல இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். மூக்கின் மேல் பொடி விரலில் வழுக்கியது. கொஞ்ச தூரத்தில் பொடி நின்றுவிட்டது. காகிதத்தின் சொரசொரப்பு மட்டும் விரலை அறுத்தது. இன்னும் போனாள். இன்னும் காகிதம். இருபது வருடமாகப் பொடியில் ஊறிய விரல் அது. கண் பொய் சொன்னாலும் அது சொல்லாது.

எங்கள் தொழிலில் போட்டோவின் மேல் கட்டம் போட்ட கண்ணாடியை வைத்து, அதே கட்டங்களைக் காகிதத்தில் பெரிதாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைவோம். மேலே இடமிருந்து வலமாக ஒன்று முதல் எட்டு வரை எண் இருக்கும். நான் பன்னிரண்டு நாளும் நாலாம் எண்ணிலிருந்து வரைந்திருக்கிறேன். ஒன்றும் இரண்டும் மூன்றும் எங்கே போயின என்று கேட்க ஒருநாளும் தோன்றவில்லை. தொலைந்தது தெரிந்தால்தானே தேடுவதற்கு!

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனோம். அவர் திட்டவில்லை. இரண்டு வழி சொன்னார். ஒன்று, காகிதத்தின் இடது ஓரத்தில் கனமாக ஒரு சிவப்புக் கோடு போட்டுக்கொள்வது. எதைத் தொடங்கினாலும் அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும். இரண்டாவது சுலபம். போட்டோவையும் படத்தையும் தலைகீழாக வைத்துவிட்டால் விட்டுப்போன பாதி வலது பக்கம் வந்துவிடும்.

சுலபமான வழியைத்தான் பிடித்தேன். தலைகீழாக வைத்ததும், அந்தப் பக்கத்து வெறும் காகிதத்தை முதல் தடவையாக என் கண்ணால் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வேலை ஓடியது. ஒரே நாளில் காதும் கன்னத்து ஓரமும் வந்துவிட்டன.

அன்று சாயங்காலம் பிலோமினா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னா அண்ணாத்தே பண்ணிகினுகீறே?”

சொன்னேன். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

“ஆம்பள கடலுக்குப் போனா சட்டியக்கூட கவுக்க மாட்டோம் எங்க வூட்டுல. அவுரு இன்னும் கரைக்கு வரல. நீ மனுசனையே கவுத்து வெச்சிகீறே!”

குப்பத்தில் கழுவின சட்டிகளைச் சாய்த்து வைத்திருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்; எதையும் குப்புற வைக்க மாட்டார்கள். இருபது வருடம் அவர்கள் மத்தியில் குடியிருந்தும், கட்டுமரம் கவிழ்ந்து செத்தவரின் முகத்தைக் கவிழ்த்து வைக்கிறோமே என்ற புத்தி எனக்கு வரவில்லை. கண்ணாடிக்கு அடியிலிருந்து போட்டோவை உருவி, முந்தானையில் சுற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள். மூக்கைச் சிந்திய சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு வந்த நாட்கள்தான் நோயிலேயே மோசமான நாட்கள்.

சிவப்புக் கோட்டை வைத்து, கையில் கிடைத்த போட்டோக்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன். என் கல்யாணப் போட்டோவில் முனியம்மா இல்லாமல் போனாள். போட்டோவைப் பார்க்கிறவருக்கு அவள் இடப்பக்கம் நின்றிருந்தாள். சிவப்புக் கோட்டைத் தேடித் தலையைத் திருப்புவேன், பார்ப்பேன், திரும்பி வருவேன். வந்ததும் அந்தப் பக்கம் ஒன்று இருந்ததே மறந்துவிடும். கை நன்றாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது, பொடி இருக்கிறது, காகிதம் இருக்கிறது. எதன் மேல் கோபப்படுவது? நொண்டி காலைக் காட்டலாம். குருடன் கண்ணைக் காட்டலாம். நான் எதைக் காட்டுவேன்?

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பழமொழி கொண்டு வந்தார்கள். “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றார் ஒருவர். “பாதி பூட்டாலும் மீதி கீதே” என்றார் இன்னொருவர். நான் சேர்த்து வைத்திருந்த பழமொழிகளும் என்னைப் பார்த்து இளித்தன. ஒருநாள் வண்ணப் பெட்டியைச் சுவரில் வீசி அடித்தேன். குச்சிகள் உடைந்து சிதறின. கோபம் தணிந்து பொறுக்கினால் பாதிதான் கிடைத்தது. மீதியைக் காணோம். இடது பக்கம் விழுந்தவை அத்தனையும் எனக்கு இல்லாமல் போயிருந்தன.

முனியம்மா குனிந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டே, “கோவம் ஒண்ணுதான் உனுக்கு முழுசா வருது” என்றாள்.

பூசைக்குப் பத்து நாள் இருக்கும்போது பிலோமினா வந்தாள். போட்டோவை என் மடியில் வைத்தாள்.

“வேற ஒரு எடத்துல குடுத்தேன். அவன் ஒரு மூஞ்சி போட்டுக் குடுத்தான். ரெண்டு கண்ணு, ரெண்டு காது, எல்லாம் ஷோக்கா கீது. ஆனா யாரு மூஞ்சியோ அது. நீ போட்டது பாதின்னாலும் எங்க வூட்டுக்காரரு மூஞ்சி.”

“கவுக்காம என்னால முடியாது பிலோமினா.”

“கவுக்கக் கூடாது.”

“அப்போ முடியாது.”

“முடியும். நான் கூட குந்திகினு கீறேன்” என்று பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது பக்கம் வண்ணப் பெட்டியும் தண்ணீர்ச் சொம்பும் இருந்ததால் இடது பக்கம் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் காரணம்.

அவள் பேச ஆரம்பித்தாள். குரல் வந்த பக்கம் என் தலை தானாகத் திரும்பியது. திரும்பிய இடத்தில் சிவப்புக் கோடு இருந்தது.

இதை எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பிற்பாடு டாக்டரம்மாவிடம் சொன்னபோது, “நல்ல வழிதான், எனக்குத்தான் தோணல” என்றார். ஆகவே உங்கள் வீட்டு நோயாளிக்கு இடது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். பேச்சு எதுவானாலும் பரவாயில்லை, திட்டாக இருந்தாலும் சரி. பிலோமினாவுடையது முக்கால்வாசி திட்டுதான்.

காலையில் மீன் விற்றுவிட்டு அப்படியே வருவாள். “சேப்பு தெரியிதா?” என்பாள். “தெரியல.” “இன்னும் வா… இன்னும் வா… கய்தே, எங்க போறே, இந்தாண்ட வா!” கரையில் நின்றுகொண்டு கட்டுமரத்தைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுவாள். ஒரு கட்டம் முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. காதை மூன்று தடவை அழித்துப் போட்டேன். நான்காவது தடவை, “இது அவுரு காது இல்ல, அவுரு மாமன் காது” என்றாள். மறுபடி அழித்தேன். இரண்டு தடவை எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். எழுந்து போகவும் கால் சரியாக வரவில்லை.

கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்கு நிறம் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார்தான். “ஈரப் பனங்கட்ட மாதிரி” என்றாள். காவியில் கரியைக் கலந்து, மேலே லேசாக நீலம் இழுத்தேன். “ஆங்” என்றாள். ஒரு வாரத்தில் அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அப்புறம், போட்டோவில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். சவரிமுத்துவின் வலது புருவத்தில், தூண்டில் முள் கிழித்த தழும்பு. புருவத்தை இரண்டு துண்டாக வெட்டினது போல இருக்குமாம். “கரையில எத்தினி பேரு நின்னாலும் அத்த வெச்சித்தான் நான் அவுர கண்டுபுடிப்பேன்” என்றாள்.

அவருடைய வலது புருவம், படத்தில் எனக்கு இடது பக்கம். இரண்டாம் கட்டம். பார்த்துப் போட போட்டோவிலும் அது இல்லை. பார்க்கிற பக்கமும் எனக்கு இல்லை.

இதெல்லாம் நடந்து இப்போது நாலு வருடம் ஆகிறது. இடது கையால் இன்று சொம்பு தூக்குகிறேன். சோற்றுத் தட்டை நானே திருப்பிக்கொள்கிறேன். புறக்கணிப்பு முழுசாகப் போய்விடவில்லை. களைத்த நாளில் திரும்பி வரும். இடது பக்கம் எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது. தெருவில் நிற்பேன், வலது பாதி உடனே வந்துவிடும். மற்ற பாதிக்காகக் காத்திருப்பேன். மணிக்கூண்டைப் பார்த்தால் முதலில் ஒன்று முதல் ஆறுவரைதான் நேரம். ஏழு முதல் பன்னிரண்டு வரை நான்தான் போய் அழைத்து வர வேண்டும். முன்பு உடம்பு என்பது நான் இருக்கிற இடமாக இருந்தது. இப்போது அதில் ஒரு பகுதிக்குத் தினமும் விருந்தாளி போலக் கதவு தட்டிவிட்டுப் போகிறேன். எரிச்சல் இன்றைக்கும் உண்டு. அதையும் மறைக்க விரும்பவில்லை.

பூசைக்கு இரண்டு நாள் முன்னால் படம் முடிந்தது.

முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பாதிப் படத்தைப் பார்த்தபோதும் இதே நிறைவுதான் தோன்றியது. விரலை ஓட்டிப் பார்க்க முடியாது. முடிந்த பாஸ்டலைத் தொட்டால் கலைந்துவிடும். படத்தைக் கவிழ்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். அதற்குத்தான் தடை. அந்தத் தழும்பைப் போட்டதாக எனக்கு ஞாபகம் இருந்தது. என் ஞாபகத்தை நம்பின காலம் போய்விட்டது.

பிலோமினா படத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். அத்தனை நாளும் நிற்காத வாய், நின்றுவிட்டது. முனியம்மா கதவோரம் வந்து நின்றாள்.

“முழுசா கீதா?” என்று கேட்டேன்.

பிலோமினா படத்துக்கு இன்னும் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“புருவத்துத் தழும்பு கீதா பிலோமினா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “நான் கீதுன்னு சொன்னா நம்பிடுவியா நீ?”



அவள் எழுந்தாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பலகையிலிருந்து நாலு குண்டூசிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். காகிதத்தை ஓரங்களில் மட்டும் பிடித்து இரண்டு கையாலும் தூக்கி, சவரிமுத்துவை மெல்லத் தலைகீழாகத் திருப்பி, என் வலது பக்கமாக நகர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.